அம்மாவோடு வன்னியில் ஒரு கிழமை: எந்த வீட்டில் தங்குவது?

லண்டனில் இருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். வயது 42. ஆகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறையில் அம்மா, கணவர், பதினொரு வயது மகள், ஆறு வயது மகன் எல்லோருமாக வன்னிக்கு வந்து ஒரு கிழமை தங்க விருப்பமாம். அம்மாவுக்கு 71 வயது. முள்ளியவளைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், முப்பது வருடத்துக்குப் பிறகு ஊரைப் பார்க்க வருகிறார். இருபது வருடமாகச் சலரோகம். காலையும் இரவும் இன்சுலின். இரண்டு வருடத்துக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பாதம் இரண்டிலும் விறைப்பு உண்டு.

சொந்தக்காரர் வீட்டில் தங்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். அதனால் ஒரு சித்தி இப்போது போனை எடுப்பதில்லையாம். அறையும் காலைச் சாப்பாடும் தருகிற இடங்களை இணையத்தில் தேடி மூன்றைப் பிடித்து வைத்திருக்கிறார். முதலாவது, இரணைமடுச் சந்தியில் இருந்து உள்ளே போனால் குளத்தை அண்டியிருக்கும் ஒரு ஹோம்ஸ்டே. ஓய்வுபெற்ற தம்பதி நடத்துகிறார்கள். படத்தில் குளத்துத் தண்ணீர் வேலிவரை நிற்கிறது. இரண்டாவது, முல்லைத்தீவில் அளம்பில் தாண்டிக் கடற்கரை மணலில் மரக் கபானாக்கள். பிள்ளைகளின் தெரிவு அது. மூன்றாவது, வவுனியா நகரத்தில் ஏ-9 வீதியோரம் ஏசி அறைகள் உள்ள கெஸ்ட் ஹவுஸ். அது கணவரின் தெரிவு.

அவருடைய கேள்விகள்: மலேரியாக் குளிசை எப்போது தொடங்குவது? வன்னித் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் பழுதாகும் என்கிறார்களே, உண்மையா? பாம்புக்கடிக்கு நஞ்சை உறிஞ்சும் கருவி ஒன்றுக்கு ஓடர் பண்ணியிருக்கிறேன், அது போதுமா? ஏசி இருந்தால் நுளம்பு வராதுதானே? கடைசியாக, "அம்மா குளத்தில் முழுக வேண்டும் என்கிறா. வற்றாப்பளைக் கோயிலை வெறுங்காலோடு சுற்ற வேண்டும் என்கிறா. எப்படி மறுப்பது?"

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் பாம்பு நாலு இடத்தில் வருகிறது. ஆஸ்பத்திரி ஓரிடத்திலும் வரவில்லை. காலைச் சாப்பாடு எத்தனை மணிக்குத் தருவார்கள் என்பதும் இல்லை. இன்சுலின் போடுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரும்போது நான் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.

வன்னி வைத்தியசாலைகளில் பல வருடம் இரவு வேலை பார்த்தவன் என்பதால் இப்படி யோசிக்கிறேன். விடுமுறைக்கு வந்து சுகமில்லாமல் போனவர்கள் பெரும்பாலும் சாமத்தில்தான் வருவார்கள். என்ன நடந்தது என்று கேட்டால் பாதிக் கதை வருத்தத்தைப் பற்றியதாக இராது. கேற் பூட்டியிருந்தது, திறப்பு வைத்திருந்த பெடியன் வீட்டுக்குப் போய்விட்டான், போனுக்குச் சிக்னல் இல்லை, ஓட்டோக்காரருக்கு இடம் விளங்கவில்லை என்றுதான் சொல்வார்கள். குளத்தையும் கடலையும் பகலில் வாகனத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். காசு கொடுத்து அறை எடுப்பது இரவுக்கு. அதனால் படத்தில் தெரிகிற பகலை விட்டுவிட்டு, தெரியாத இரவைப் பற்றி விசாரியுங்கள்.

மூன்று இடங்களும்

கடற்கரைக் கபானாவை முதலில் பார்ப்போம். பிள்ளைகள் ஆசைப்பட்டதில் பிழையில்லை. ஆகஸ்டில் கிழக்குக் கரைக் கடல் ஒப்பீட்டளவில் அமைதியாகத்தான் இருக்கும், மாரியில்தான் கொந்தளிக்கும். ஆனால் மணலில் தூண் நட்டு உயர்த்திய கபானா என்றால் ஏறி இறங்க மரப்படி இருக்கும். சில இடங்களில் குளியலறை வெளியே. பாதம் விறைத்த ஒருவர் இரவில் மூன்று தரம் சலம் கழிக்க அந்தப் படியில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது. அளம்பில் தாண்டினால் ஒவ்வொரு கிலோமீற்றரும் அதிலிருந்து விலகித்தான் போகிறது. உங்கள் வீட்டில் ஸ்டென்ட் வைத்த ஒருவர் இல்லாவிட்டால் நானே அதைச் சொல்லியிருப்பேன். இப்போதைக்குக் கடலுக்கு ஒரு முழுப்பகல் ஒதுக்குங்கள். எங்கே இறங்கலாம், எங்கே சுழி என்று கரையில் நிற்கிற கடற்றொழிலாளரைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளை இறக்குங்கள்.

வவுனியா, கணவரின் தெரிவு. மாவட்டப் பொது வைத்தியசாலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, மருந்துக்கடைகள் இருக்கின்றன, ரயிலும் நிற்கும். பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். ஆனால் அம்மாவின் ஊருக்கு அங்கிருந்து ஒரு வழிக்கே ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். ஆகஸ்ட் வெயிலில் தினமும் நாலு மணித்தியாலம் வானுக்குள் இருந்தால் கால் வீங்கும், சாப்பாட்டு நேரம் குழம்பும், இருட்டின பிறகு காட்டுப் பாதையால் திரும்ப வேண்டி வரும். முல்லைத்தீவு வீதிகளில் இரவில் யானை நிற்பது புதினமே இல்லை. பாதுகாப்பான அறையை எடுத்துவிட்டு ஆபத்தான பயணத்தை அதோடு வாங்கிக்கொள்வதாக ஆகிவிடும்.

ஆக, என் வாக்கு இரணைமடு வீட்டுக்கு. இது நீங்கள் பார்த்த குளத்துப் படத்துக்காக இல்லை. அந்தப் படம் மாசியிலோ தையிலோ எடுத்ததாக இருக்க வேண்டும். வன்னிக் குளங்கள் வடகீழ்ப் பருவமழையில் நிரம்பி, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க இறங்கிக்கொண்டே போகும். ஆகஸ்டில் நீங்கள் பார்க்கப்போவது அகலமான சேற்றுக்கரை, தூரத்தில் ஒரு வெள்ளிக்கோடு, நடுவில் கொக்கும் நாரையும் மாடும். எனக்கு அந்தக் காட்சியும் பிடிக்கும். ஆனால் வேலிவரை தண்ணீர் வரும் என்று மகனுக்குச் சொல்லி வைத்திருந்தால் இப்போதே திருத்திச் சொல்லுங்கள்.

எனக்கு அந்த வீடு பிடித்ததற்குக் காரணம், நடத்துகிற தம்பதி அங்கேயே படுப்பதாக நீங்கள் எழுதிய ஒரு வரி. இரவில் கூப்பிட்டால் எழும்பக்கூடிய மனிதர் இருக்கிறார். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையும் கிட்டத்தான். அங்கிருந்து பரந்தன், புதுக்குடியிருப்பு வழியாக முள்ளியவளைக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். விடியப் போய்ப் பின்னேரம் வெளிச்சத்தோடு திரும்பிவிடலாம். பிள்ளைகளுக்குக் கடலும் அதே வழியில்தான்.

அந்த வீடு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்ததா என்றும் கேளுங்கள். ஹோம்ஸ்டேக்கென்றே ஒரு வகை அங்கே இருக்கிறது. பதிவு இருந்தால் நல்லது. ஆனால் பதிவுப் பலகை கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

போனில் கேட்க வேண்டியவை

மெசேஜ் அனுப்பாதீர்கள், நேரே கோல் எடுத்துக் கதையுங்கள். எழுதினால் எல்லாவற்றுக்கும் "ஓம், பிரச்சினை இல்லை" என்றுதான் பதில் வரும். குரலில் ஒரு தயக்கம் இருந்தால் காதுக்குத் தெரிந்துவிடும்.

முதல் கேள்வி: "சாமம் இரண்டு மணிக்கு அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த வாகனம்?" பக்கத்து வீட்டு ஓட்டோக்காரரின் பெயரை உடனே சொல்கிறவர் இந்த விஷயத்தை ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார். 1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இருக்கிறது. அந்த இலக்கத்தை எல்லோருடைய போனிலும் பதியுங்கள். ஆனால் வயலுக்குள் இருக்கிற வீட்டுக்கு அம்புலன்ஸ் வர ஓர் அடையாளம் சொல்ல வேண்டுமே. எந்தச் சந்தி, எந்தக் கோயில், எத்தனையாவது வாய்க்கால் பாலம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டுங்கள். எந்தக் கம்பனிச் சிக்னல் அந்த வீட்டுக்குள் எடுக்கும் என்பதையும் அப்போதே கேட்டு, வந்து இறங்கியதும் அந்தச் சிம்மையே வாங்குங்கள்.

அடுத்தது குளியலறை. அறையோடு சேர்ந்ததா, கொமட்டா, வாசலில் படி இருக்கிறதா, தரை ஈரத்தில் வழுக்குமா? படம் அனுப்பச் சொன்னால் கட்டிலைத்தான் அனுப்புவார்கள். குளியலறைத் தரையை அனுப்பச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு விடுமுறையில் வருகிற பெரிய ஆபத்துகளில் ஒன்று இடுப்பெலும்பு முறிவு. பாம்பெல்லாம் அதற்குப் பின்னால்தான். ஒரு றப்பர் மிதியடியும், இரவு முழுக்க எரிகிற ஒரு சின்ன லைட்டும் பெட்டிக்குள் போடுங்கள்.

பிறகு, குளிர்சாதனப் பெட்டி. திறக்காத இன்சுலினை அதற்குள் வைக்க வேண்டும், ஆனால் ஐஸ்தட்டுக்குக் கிட்ட வைக்கக் கூடாது. ஒரு தரம் உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். பாவனையில் இருக்கிற பேனாவை அறை வெப்பத்தில் ஏறக்குறைய நாலு கிழமை வைத்திருக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் சொல்கிற அறை வெப்பம் 25, மிஞ்சினால் 30 பாகை. வன்னியில் ஆகஸ்ட் மத்தியானம் அதைத் தாண்டிவிடும். கரண்ட் நிற்கிற நாளுக்கு எங்கள் ஆட்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது: ஈர மணலில் ஒரு மண்பானையை இருத்தி, அதற்குள் தண்ணீர் படாமல் பையில் சுற்றிய மருந்தை வைத்து மூடிவிடுவது. நன்றாகவே வேலை செய்யும். வானுக்குள் மட்டும் மறந்தும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

குடிதண்ணீர் கொதித்தாறியதா, வடிகட்டியதா, போத்தலா என்பது ஒரு கேள்வி. "கிணற்றுத் தண்ணி, கண்ணாடி மாதிரி" என்று பதில் வந்தால் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு, குடிப்பதற்குக் கொதிக்க வைத்துத் தரச் சொல்லுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீரிலும் கிருமி இருக்கும். அப்புறம் நாய். வீட்டு நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா? உங்கள் மகனுக்கு ஆறு வயது, நாயைக் கண்டால் கட்டிப்பிடிக்கிற வயது. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், சின்னக் காயம் என்றாலும்.

காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு?

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. அறையும் காலைச் சாப்பாடும் என்று ஏற்பாடு செய்தால், அந்தச் சாப்பாடு வருகிற நேரம் உங்கள் கையில் இல்லை. அம்மா லண்டனில் ஏழு மணிக்கு ஊசியைப் போட்டு ஏழரைக்குச் சாப்பிட்டுப் பழகியிருப்பா. இங்கே வீட்டுக்கார அம்மா விடிய எழும்பி மாவறுத்து, தேங்காய் துருவி, புட்டு அவித்து, சொதி கொதிக்கும்போது எட்டரை ஆகிவிடும். ஊசியை ஏழு மணிக்கே போட்டிருந்தால் அதற்கிடையில் இரத்தத்தில் சீனி கீழே போய்விடும்.

அதனால் ஒரே ஒரு சட்டம்: தட்டு மேசைக்கு வந்து, அதில் புட்டு இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் ஊசி. வரும், வருகிறது, இந்தா வந்துவிட்டது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. பசித்தால் அதுவரை இரண்டு பிஸ்கட்.

இன்னொரு சிக்கல். சீனி குறைந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழம்பும். வன்னி வெயிலில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. "வெக்கைக்கு அம்மாவுக்குக் களைப்பு, படுக்கட்டும்" என்று விட்டுவிடுவீர்கள். படுக்க விடாதீர்கள், விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். குறைவாக இருந்தால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். மயங்கிக் கிடக்கிறவரின் வாய்க்குள் எதையும் ஊற்ற வேண்டாம்; 1990.

எருமைத் தயிர் தருவார்கள். சாப்பிடலாம். தேன் விட்டுத் தருவார்கள். காட்டுத்தேன் மருந்து, சீனி இல்லை என்று ஒரு கதையும் சேர்ந்து வரும். அம்மாவின் குளுக்கோமீற்றருக்கு அந்தக் கதை தெரியாது.

பறப்பில் வரும்போது நேரம் நாலரை மணித்தியாலம் முன்னுக்குப் போகிறது, நாள் சுருங்குகிறது. அந்த நாளைக்கு எத்தனை அலகு போடுவது என்பதை உங்கள் சலரோகக் கிளினிக்கில் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இன்சுலின் முழுவதும் கைப்பையில் வரட்டும்.

நீங்கள் பயப்படுகிறவை

மலேரியாக் குளிசை வேண்டாம். இங்கே பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்துவிட்டது. உங்கள் அம்மா ஊரை விட்டுப் போன காலத்தில் வன்னிக் காய்ச்சல் என்றால் மலேரியாதான். அந்த ஞாபகம்தான் இப்போது கேள்வியாக வந்திருக்கிறது.

டெங்கு வேறு. வடக்கில் அது ஏறுவது மாரி மழையோடும் அதற்குப் பின்னாலும்; ஆகஸ்டில் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த நுளம்பு பகலில் கடிப்பது. இரவு ஏசியால் அதைத் தடுக்க முடியாது. வீட்டு முற்றத்தில் திறந்த பரல், ரயர், சிரட்டை கிடக்கிறதா என்று போன அன்றே ஒரு சுற்றுப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும்; வேறு நோவு மாத்திரை எதுவும் வேண்டாம். அம்மாவுக்கு வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. ஸ்டென்டுக்காக இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பதை வாசலிலேயே சொல்லுங்கள். அந்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சிறுநீரகக் கதைக்கு அடிப்படை இருக்கிறது. காரணம் இன்னதென்று உறுதியாகாத ஒரு நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் இருந்து வடமத்திய மாகாணத்தில் காணப்படுகிறது. வவுனியாவின் சில கிராமங்களிலும் அது உண்டு. ஆனால் அது வருடக்கணக்காக அங்கே வாழ்ந்து, வெயிலில் வயல் செய்து, அதே தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வருகிற நோய். ஏழு நாள் விருந்தாளியைப் பிடிக்கிற நோயில்லை. பேச்சைக் கேட்டுப் பயந்து அம்மா தண்ணீரைக் குறைத்துக் குடித்தால்தான் உண்மையில் சிறுநீரகத்துக்குக் கேடு. பிள்ளைகளுக்கு வரக்கூடியது சாதாரண வயிற்றோட்டம்; வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூளில் நாலைந்து பைக்கற் கையில் வைத்திருங்கள். செங்கமாரி, தைபோயிட், ஏற்புவலித் தடுப்பூசிகளைப் பற்றி உங்கள் ஊர் வைத்தியரிடம் இப்போதே கேளுங்கள், கடைசிக் கிழமைக்கு விடாமல்.

பாம்பு. அந்த உறிஞ்சும் கருவியைத் திருப்பி அனுப்பிக் காசை வாங்குங்கள். அது நஞ்சை எடுக்காது, சதையைப் புண்ணாக்கும். கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம் காப்பைக் கழற்றி, நேரே பெரியாஸ்பத்திரி. நஞ்சுமுறிமருந்து ஒவ்வாமை தரக்கூடியது, அதனால் அதை அங்கேதான் ஏற்ற முடியும். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். எட்டி நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள் கொண்ட கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுத்திருக்கிறவர்களைக் கடிக்கும். கடித்தது தெரியாமலே போகலாம். விடிய வயிற்றுவலி, கண் இமை சொருகுதல் என்று தொடங்கும். அறைக்குள் வெக்கை என்று பிள்ளைகளை விறாந்தையில் பாய் போட்டுப் படுக்க விடாதீர்கள். கட்டில், அதற்கு மேல் நுளம்பு வலை, வலையின் ஓரம் மெத்தைக்குக் கீழே செருகியிருக்க வேண்டும். அந்த வலை நுளம்புக்கும் காவல், கட்டுவிரியனுக்கும் காவல். ஏசியைவிட முதலில் அதைக் கேளுங்கள். முற்றத்துக்கு இறங்க ரோச் லைட்டும் செருப்பும்.

கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் சில இடங்களில் இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் பலகை கண்டால் திரும்புங்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் பிள்ளைகளைப் பந்து தேட விடாதீர்கள்.

நான் பயப்படுவது

அம்மாவின் இருதயம்தான். சலரோகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். மூச்சு இழுக்கும், வியர்த்துக் கொட்டும், வயிற்றைப் பிரட்டும். "காலமை சாப்பிட்ட புட்டு செமிக்கேல்லை" என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலத்தைப் போக்கிவிடுவார்கள். அப்படி ஏதும் என்றால் கிட்ட உள்ள வைத்தியசாலைக்குப் போய் முதலில் ஈசிஜி எடுங்கள். சொந்தக்காரர்கள் "நேரே யாழ்ப்பாணம் கொண்டு ஓடு" என்பார்கள். வேண்டாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து நேரத்தோடு ஏற்றினால்தான் பயன். மேலே அனுப்ப வேண்டுமா என்பதை அங்குள்ளவர்கள் பார்ப்பார்கள், அனுப்புவதும் அவர்களுடைய அம்புலன்ஸில்.

அம்மாவின் பழைய ஈசிஜியைப் படம் எடுத்துப் போனில் வைத்திருங்கள். இரவு வேலை வைத்தியருக்கு அதைப்போல உதவி வேறில்லை. புதிய மாற்றம் எது, பழையது எது என்று ஒரு பார்வையில் தெரியும். மருந்துகளின் வியாபாரப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மூலப்பெயரோடு ஒரு பட்டியல் எழுதுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது சலரோகத்தையும் ஸ்டென்டையும் மறைக்க வேண்டாம். கட்டுப்பணம் கூடும்தான். மறைத்தது தெரிந்தால் ஒரு சதமும் தராமல் விட அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

குளமும் கோயிலும்

எப்படி மறுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மறுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. முப்பது வருடம் லண்டன் ஷவருக்குக் கீழே நின்றவர் ஒரு தரம் குளத்தில் முழுக நினைப்பதை வருத்தத்தின் பெயரால் தடுக்க எனக்கு மனமில்லை. எப்படி முழுகுவது என்று மட்டும் சொல்கிறேன்.

காலில் சிறு வெடிப்போ புண்ணோ இருந்தால் குளம் இல்லை. எலிக்காய்ச்சலும், சேற்றில் வாழும் ஒரு கிருமியால் சலரோகக்காரரைக் குறிவைத்து வருகிற மெலியோய்டோசிஸ் என்ற நோயும் அந்த வழியாக உள்ளே போகக்கூடும். இரண்டும் மழைக்காலத்தில் கூடுதல், அந்த வகையில் ஆகஸ்ட் உங்களுக்கு உதவி. வன்னிக் குளங்களில் முதலையும் உண்டு. வீட்டுக்காரர் காட்டுகிற, ஊர்ச்சனம் தினமும் குளிக்கிற துறையில் மட்டும், விடியற்காலை வெயில் ஏற முதல், பின்வார் உள்ள றப்பர்ச் செருப்போடு இறங்கட்டும். நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் பக்கத்தில் நில்லுங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு வீட்டுக்கு வந்து கிணற்றில் அள்ளி நன்றாகத் தலைக்கு வார்க்கட்டும். என் அனுபவத்தில், கிணற்றடியில் வாளியைக் கவிழ்க்கும்போதே பலருக்கு ஆசை தீர்ந்துவிடும். குளத்தைப் பிறகு குளக்கட்டில் நின்று பார்த்துக்கொள்வார்கள்.

வற்றாப்பளையில் கண்ணகை அம்மனைத் தரிசிக்க விடியப் போங்கள். பத்து மணிக்குப் பிறகு வெறுங்காலுக்கு அந்த மணல் அடுப்பு. விறைத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அந்தக் கொப்புளம் ஆற மாதக்கணக்காகும். தடித்த பருத்திக் காலுறையோடு உள்ளே நடந்தால் அம்மன் கோபிக்க மாட்டா. அன்று இரவு பாதத்தின் அடியை, விரலிடுக்கு உட்பட, நீங்களே லைட் பிடித்துப் பாருங்கள். அம்மாவைக் கேட்டால் "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்லுவா.

இன்னொன்றும் இருக்கிறது. முல்லைத்தீவுக் கரையில் 2004 சுனாமியும் 2009 போரும் நடந்த இடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே எங்காவது அம்மா வானை நிறுத்தச் சொல்லலாம், அல்லது நிறுத்த வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டையும் அப்படியே கேளுங்கள். நிகழ்ச்சி நிரலில் ஒரு நாளை வெறுமையாக விடுங்கள், அடுத்த நாள் எங்கும் போகாமல் விறாந்தையில் இருக்க. அழுதால் அதற்கு மருந்து தேட வேண்டாம். நித்திரையும் சாப்பாடும் இரண்டு மூன்று நாளாகக் குழம்பினால் மட்டும் யாரிடமாவது காட்டுங்கள்.

ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவும் 15ஆம் திகதி மடுத் திருவிழாவும் சேர்ந்து வருவதால் ஏ-9 பக்கம் அறைகள் வேளைக்கே நிறைந்துவிடும். இந்தக் கிழமையே வீட்டுக்காரரோடு கதையுங்கள். கதைத்து முடிந்ததும் அடுத்த கோல் சித்திக்கு. எடுக்கும்வரை எடுங்கள். படுக்கைதான் வேறு வீட்டில், மத்தியானச் சோறு உங்கள் வீட்டில்தான் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவின் தட்டில் சோற்றை மட்டும் சித்தி போடாமல் நீங்கள் போடுங்கள்.